தொண்டையில் உருண்டையா, சாப்பாடு இறங்கவில்லையா?

"தொண்டையில என்னவோ நிக்குது" என்று இரண்டு பேர் சொல்லலாம். இரண்டும் ஒரே தொல்லை அல்ல.

ஒருவருக்கு வெறும் எச்சில் விழுங்கும்போதுதான் உருண்டை தெரியும். இட்லி, சோறு எல்லாம் தடையில்லாமல் இறங்கும். சாப்பிடும்போது அந்த நினைப்பே இருக்காது. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் அதுவும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். வலி இல்லை, எடை குறையாது. மருத்துவத்தில் இதற்கு 'குளோபஸ்' என்று பெயர். ஒரு காலத்தில் ஹிஸ்டீரியா, அதாவது மனக்கோளாறு, என்று சொல்லிப் பெண்கள் தலையில் கட்டினார்கள், அநியாயம். இரைப்பை அமிலம் மேலேறுவது, உணவுக்குழாயின் மேல்பக்கத் தசை இறுகுவது, மனக்கவலை எல்லாம் காரணமாகலாம். சளி என்று நினைத்துக் கனைக்கக் கனைக்க இன்னும் உறுத்தும். அதற்கு ஒரு மடக்குத் தண்ணீர் தேவலை. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை குழாய் விட்டுப் பார்த்து "ஒன்றுமில்லை" என்றாலே பலருக்குப் பாதி குறைந்துவிடும்.

மற்றவர் கதை வேறு. முதலில் சப்பாத்தி, கறித்துண்டு நிற்கும், அப்புறம் குழைந்த சோறு, பிறகு கஞ்சியும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத் தள்ளுவார். சட்டை தொளதொளக்கும். இங்கே தள்ளிப்போடவே கூடாது, உணவுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி வேண்டியிருக்கும்.

சரி, முதல் வகைதான் என்று தோன்றினாலும் ஒரு பக்கம் மட்டும் வலி, வாரக்கணக்கில் குரல் கம்மல், கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம் இருந்தால் உடனே காட்டிவிடுங்கள்.