பன்றிப்பள்ளை எந்தப் பீடத்தில் சேர்ப்பது?

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. பம்பைமடுவில், 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வளாகம் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்ற மூன்று பீடங்களோடு தொடங்கியது. கலைப்பீடம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். வயலை உழும் காட்டுப்பன்றியையும் கதிர் கொத்தும் குருவியையும் வைத்துப் பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு என்று உழவுப் பாட்டுகள் பாடிய மண் இது. பயிர்ச்சேதத்தை அளக்க இங்கே ஆளுண்டு. அந்தப் பள்ளுகளுக்குள் கிடக்கும் வேளாண் அறிவை எடுத்துப் பேச ஆளில்லை. இரண்டையும் சேர்த்துப் படிப்பிக்க விரும்பினால் பணம் எந்த வழியில் வரலாம்?

போட்டி மானியம் ஒரு வழி. உலக வங்கி 2017இல் ஒப்புதல் அளித்த 10 கோடி டொலர் 'அஹெட்' என்ற இலங்கை உயர்கல்வித் திட்டம் இதற்கு உதாரணம். தொகை பெரிது, கருவி வாங்கலாம், பாடத்திட்டத்தைத் திருத்தலாம். ஆனால் விண்ணப்பம், முன்னேற்ற அறிக்கை, கொள்வனவுக் கோப்பு என்று ஆய்வாளர் பாதிக் காலம் எழுதுவினைஞராகிவிடுகிறார். திட்டம் முடிந்ததும் உதவியாளரின் சம்பளமும் நிற்கும். ஒருமுறை நான் நிரப்பிய படிவமொன்றில் 'துறை' என்பதற்கு ஒரேயொரு பெட்டிதான் இருந்தது. இரண்டு துறைகளின் பெயரை நுணுக்கி எழுதினேன். ஒன்றை வெட்டச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

ஆளுக்கு ஆள் கிடைக்கும் உதவி வேறு வகை. மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞானங்களுக்கென 2005இல் தொடங்கிய உயர்கற்கைத் தேசிய நிலையம் விரிவுரையாளர்களின் பட்டமேற்படிப்புக்குக் கைகொடுக்கிறது. நல்ல காரியம், குறைசொல்ல மனமில்லை. ஆயினும் கலாநிதிப் பட்டத்தோடு திரும்புபவர் தம் பழைய துறையின் நாற்காலியில்தான் உட்காருகிறார். ஆய்வு வளர்கிறது, அறிவியல்நகர் மாணவரின் நேரசூசியில் ஒரு மணித்தியாலமும் கூடுவதில்லை.

மூன்றாவது, யாரும் கவர்ச்சியாகப் பேசாத வழி: நிரந்தர ஆளணி. விவசாயபீடத்துக்கும் கலைப்பீடத்துக்கும் பொதுவாக ஒரு விரிவுரையாளர் பதவி, சம்பளம் திறைசேரியின் மீண்டெழும் செலவினத்திலிருந்து, அதாவது வருடாவருடம் ஒதுக்கும் பணத்திலிருந்து. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, முகாமைத்துவச் சேவைகள் திணைக்களம் என்று கோப்பு நகர வருடங்கள் பிடிக்கலாம். கிடைத்துவிட்டால், எந்த வங்கியின் திட்டம் முடிந்தாலும் வகுப்பு நிற்காது. ஒரு பாட்டியிடம் பள்ளுக் கேட்டுப் பதிவுசெய்ய ஒலிப்பதிவுக் கருவியைவிட, நாலு போகம் தொடர்ந்து அவர் வீட்டுப் படியேறும் ஒருவர்தான் தேவை. முதல் வருடத்தில் எந்தப் பாட்டி வாய்திறந்தார்?

ஆகவே என் வாக்கு மூன்றாவதற்கே. போட்டி மானியத்தை வேண்டாமென்று தள்ளவில்லை. பதவி வந்தபின் ஒலிப்பதிவுக்கும் பயணத்துக்கும் அது உதவும். ஆனால் ஆளணிக்கு விண்ணப்பிக்குமுன் இரு பீடாதிபதிகளும் ஒன்றை எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும்: அவருடைய கற்பித்தல் மணித்தியாலம் எந்தப் பீடத்தின் கணக்கில் ஏறும், பதவியுயர்வுக்கு எந்தத் துறை பரிந்துரைக்கும்? இதை வாய்ப்பேச்சில் விட்டால், வருகிறவர் இரண்டு வீட்டுக்கும் விருந்தாளியாகவே இருந்துவிடுவார்.