கொழும்பா, ஊரா: ட்ரெய்னிங்கை எங்கே செய்வது?

மலையகத்திலிருந்து கம்பஸுக்குப் போன எல்லோரையும் கடைசி வருடத்தில் பிடிக்கும் கேள்வி இது. பல பட்டப்படிப்புகளில் இன்டர்ன்ஷிப் இப்போது பாடத்தோடு சேர்ந்தே வருகிறது, தப்ப முடியாது. என் வகுப்பில் பெரும்பாலானவர்கள் கொழும்புக்குப் பெட்டி கட்டினார்கள். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஆகவே இந்த அலசல் ஊர்ப் பக்கம்தான் சாயும்.

கொழும்பில் என்ன நல்லது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கம்பனிப் பெயர், ஆங்கிலம் பேசியே ஆகவேண்டிய கட்டாயம், முடித்த கையோடு அங்கேயே வேலை கிடைக்கும் வாய்ப்பு. "கொழும்புக்குப் போகாட்டி சி.வி.யில என்னத்தடா எழுதுவ?" என்று ஒரு சீனியர் அண்ணன் கேட்டார். கணினி படிப்பவர் என்றால் அண்ணன் சொன்னதுதான் சரி, அவர்களுடைய வேலை அங்கேதான் குவிந்து கிடக்கிறது. முகாமைத்துவம், விவசாயம், உணவுத் தொழில்நுட்பம் படிப்பவர்களை மனதில் வைத்தே மற்றதை எழுதுகிறேன்.

என் முடிவைத் தீர்மானித்தது காசு. அலவன்ஸ் மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இன்னொருவரோடு பகிரும் அறைக்கு 15,000 போனால், நாளுக்கு 500 ரூபாய்தான் மிஞ்சும். மூன்று வேளைச் சாப்பாடு, பஸ், டேட்டா எல்லாம் அதற்குள். இதுகூடப் பரவாயில்லை, சமாளிக்கலாம். ஆளைக் கவிழ்ப்பது முதல் மாதம். போடிங்காரர் மூன்று மாத முற்பணம் கேட்டால் 45,000, அந்த மாத வாடகையோடு 60,000. அலவன்ஸ் வருவதோ மாதம் முடிந்த பிறகு. தோட்டத்தில் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில், பிடிப்பு எதுவும் இல்லை என்று வைத்தால்கூட, 60,000 என்பது அம்மா 44 நாள் மலையேறி எடுத்த கொழுந்து. அடகு வைக்காமல் இதைப் புரட்டும் லயத்து வீடுகள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், எத்தனை? அலவன்ஸே தராத இடங்களும் உண்டு, அங்கே இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம்.

காசு இறுக்கினால் படிப்பும் இறுகும். கொழும்பு போன என் தோழி ஒருத்தி மாலையில் டியூஷன் கொடுத்துத்தான் ஆறு மாதத்தை ஓட்டினாள். ஆபீசில் ஒருநாள் ஆடிட் நடந்தபோது, "இருந்து பாருங்கள், நிறையப் படிக்கலாம்" என்று சொன்னார்களாம். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியிருக்கிறாள். எனக்குக் கிடைத்தது பேருக்கு ஒரு தொகைதான். ஆனால் சாப்பாடும் படுக்கையும் வீட்டில், அதனால் ராத்திரி எத்தனை மணிவரை வேண்டுமானாலும் தொழிற்சாலையில் நிற்க முடிந்தது.

அங்கே ராத்திரிதான் முக்கியம். மாலையில் வரும் கொழுந்தை இரவெல்லாம் காற்றடித்து வாட்டி, விடியுமுன்னே ரோலரில் போடத் தொடங்கிவிடுவார்கள். எட்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற ட்ரெய்னிக்குக் கடைசியில் சலிக்கும் தூசிதான் மிஞ்சும். ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் வரும். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரையும் சேர்த்தல்லவா நிறுக்கிறார்கள், அன்றைக்குக் கணக்கு இடறும். எந்த நாளில் எவ்வளவு இடறியது, ஏன் என்பதைத்தான் என் ரிப்போர்ட்டுக்கு எடுத்துக்கொண்டேன். செவ்வாய், புதன் கிழமைகளில் கொழும்பில் ஏலம். விலை வந்ததும் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்ற தூள் ரகங்கள் என்ன விலைக்குப் போயின, ஏலத்தில் நமக்காக விற்றுக்கொடுக்கும் புரோக்கர் ருசி பார்த்து என்ன குறை எழுதினார் என்று தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடமே கேட்கலாம். உற்பத்தி, தரம், விலை, சம்பளம் நான்கும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும் இடம் இது.

ஊரிலும் குறை இருக்கிறது. பதிவேடுகள் ஆங்கிலம்தான், ஆனால் பேச்சு தமிழிலும் சிங்களத்திலும் ஓடிவிடும், நாக்கு திருந்தாது. பிறகு நேர்முகத் தேர்வுகளில் நான் என்ன செய்தேன் என்று கொஞ்சம் கூடுதலாக விளக்க வேண்டியிருந்தது. வங்கிப் பக்கம் போக நினைப்பவருக்கு இது எவ்வளவு உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், என் அனுபவம் தேயிலைக்குள்ளேயே நிற்கிறது. இன்னொன்று, பெற்றோர் வேலை செய்யும் அதே தோட்டம் வேண்டாம். அங்கே நீங்கள் ட்ரெய்னி இல்லை, இன்னாருடைய பிள்ளை. ஸ்டாஃப் மேசையில் உங்களை உட்கார வைக்கவே சிலருக்கு மனம் வராது. பக்கத்துத் தோட்டம் போதும், பஸ் காசு மட்டும்தானே.

விஞ்ஞானம் படிப்பவர்கள் தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தையும் கேட்டுப் பார்க்கலாம், 1925இல் தொடங்கிய நிறுவனம் அது. கொழும்புதான் வேண்டும், தேயிலையும் வேண்டும் என்பவருக்குப் புரோக்கர் கம்பனிகள் இருக்கின்றன. உறவினர் வீடு கொழும்பில் இருந்தால் மேலே போட்ட கணக்கு மொத்தமும் மாறிவிடும், தாராளமாகப் போங்கள்.

ஊரில் செய்வதென்றால் மாதத்தைப் பார்த்துக் கேளுங்கள். தலவாக்கலையும் சேர்ந்த திம்புள்ளப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை தரமான தேயிலை வரும் காலம். அப்போது இருந்தால்தான் மணத்துக்கும் விலைக்கும் உள்ள தொடர்பைக் கண்ணால் பார்க்கலாம். துறைத் தலைவரின் கடிதத்தில் இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்றைப் பெரிய துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், நேரில் கொடுங்கள், மற்றதைக் கொழும்பிலுள்ள கம்பனித் தலைமையகத்துக்கு அனுப்புங்கள். துரை சரி என்றாலும் மேலிடத்து அனுமதி வராமல் சேர்க்க மாட்டார்கள், அதனால் ஓரிரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.