தக்காளியில் வைரஸ்வழி மரபணு அடக்கம்: 21 பாகையா, 28 பாகையா?

டொபாக்கோ ராட்டில் வைரஸ் என்னும் தாவர வைரஸில் தக்காளி மரபணு ஒன்றின் துண்டைச் சேர்த்துச் செடிக்குள் செலுத்தி, அம்மரபணுவைச் செயல்படாமல் அடக்க முனைவோர், வளர்ப்பறையை 21 பாகை செல்சியசில் வைப்பதா, 28-இல் வைப்பதா என்று தயங்குவதுண்டு.

அடக்கத்தின் பரவல்: 21-இல், பி.டி.எஸ். மரபணு (இலையின் பச்சையத்தைக் காக்கும் நிறமிகள் உருவாக உதவுவது) அடங்கியதைக் காட்டும் வெளுப்பு புதிய இலைகளிலும் பரவலாகத் தெரியும். 28-இல் அது திட்டுத்திட்டாக நின்றுவிடும். சில செடிகளில் தோன்றாமலே போகும். வெப்பம் கூடும்போது வைரஸின் ஆர்.என்.ஏ.வையும் அதிலுள்ள துண்டையொத்த மரபணுவின் ஆர்.என்.ஏ.வையும் வெட்டும் செடியின் ஆர்.என்.ஏ. அடக்கப் பாதுகாப்பு வலுத்து, அதற்கு வழிகாட்டும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் பெருகி, நாம் தூதனாக அனுப்பிய வைரஸையே வெட்டிக் குறைத்துவிடுவதே இதற்கு முக்கியக் காரணம். நாம் நம்பியிருக்கும் பொறியே நமக்கு எதிராகவும் திரும்புகிறது என்பது இம்முறையின் விந்தை.

தொற்றேற்றம்: வைரஸைச் செடிக்குள் சுமந்து செல்லும் அக்ரோபாக்டீரியம் என்னும் மண் பாக்டீரியாவின், செடிக்கு டி.என்.ஏ. மாற்றும் திறன் 28-ஐ ஒட்டியே தளரத் தொடங்கும். 21-இல் அந்தக் கவலை இல்லை.

வளர்ச்சி, செலவு: 28-இல் செடி விரைந்து வளரும், வெப்பநாடுகளில் குளிரூட்டும் செலவும் குறையும். 21-இல் இரண்டும் பாதகமே.

மரபணுவின் பணியை அறிவதே நோக்கமெனில் 21-ஐத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். வெப்பந்தாங்கும் மரபணுவை ஆராய்வோர், ஏறத்தாழ மூன்று வாரம் 21-இல் வைத்து அடக்கத்தை நிலைநிறுத்திய பின்னரே, வெற்று வைரஸ் (அம்மரபணுவின் துண்டு சேர்க்காதது) ஏற்றிய ஒப்பீட்டுச் செடிகளுடன் சேர்த்துக் குறுகிய காலத்துக்கு வெப்ப அறைக்கு மாற்றுவது நல்லது.