பில்லி ஹாலிடே சேகரிப்பு: கையொப்பமா, அரக்கு இசைத்தட்டா, அச்சுத்தாளா?

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1959 ஜூலை 17 அன்று நியூயார்க்கில் 44 வயதில் காலமானார். அவர் தொடர்பான பழம்பொருள்களைச் சேகரிக்க விரும்புபவருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் உள்ளன: அவர் கையொப்பமிட்ட தாள் அல்லது படம், அவர் காலத்திலேயே வெளிவந்த, நிமிடத்துக்கு 78 சுழற்சி வேகத்தில் ஓடும் இசைத்தட்டு, கச்சேரி நோட்டீஸ், நிகழ்ச்சிக் கையேடு, புகைப்படம் போன்ற அச்சுப்பொருள்கள். விலையை வைத்து வரிசைப்படுத்தினால் கையொப்பத்துக்கே முதலிடம். ஆனால், விற்பவரின் வாக்கை நம்பாமல் பொருளை வைத்தே அதன் உண்மையை எந்த அளவுக்குச் சரிபார்க்க முடியும் என்று கேட்டால் அந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. இந்த ஒப்பீடு அந்தக் கேள்வியையே அளவுகோலாகக் கொள்கிறது.

கையொப்பத்தில் போலியைக் கண்டுபிடிக்கச் சில நல்ல சோதனைகள் உண்டு. அமெரிக்காவில் பால்பாயிண்ட் பேனா 1945 அக்டோபரில்தான் நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில் விற்பனைக்கு வந்தது. எனவே 1939ஆம் ஆண்டுக்குரியது என்று காட்டப்படும் கையொப்பம் பால்பாயிண்டில் இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. மெல்லிய முனை ஃபெல்ட் பேனாக்கள் பரவியது 1960களில், அதாவது பாடகி மறைந்த பிறகு. காகிதத்தைப் பளிச்சிட வைக்கும் வேதிப்பொருள்கள் சுமார் 1950இல்தான் புழக்கத்துக்கு வந்தன என்பதால், 1940களின் ஆல்பப் பக்கம் என்று சொல்லப்படும் தாள் புற ஊதா விளக்கின் கீழ் நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது. ஆயினும் இந்தச் சோதனைகள் அனைத்தும் ஒன்று பொய் என்று நிறுவுமே தவிர, மெய் என்று நிறுவா. பழைய தாளும் மைப் பேனாவும் பழகிய கையும் உள்ள ஒருவர் எல்லாவற்றையும் தாண்டிவிடுவார். உடன் வரும் நம்பகச் சான்றிதழைப் பற்றியும் அதிகம் எண்ண வேண்டாம்: 1990களில் அமெரிக்க எஃப்பிஐ நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் சிக்கிய போலி விளையாட்டுக் கையொப்பங்களோடு சான்றிதழ்களும் சேர்ந்தே விற்கப்பட்டிருந்தன.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். ஹாலிடேயின் தன்வரலாற்றை டபுள்டே நிறுவனம் 1956இல் வெளியிட்டது. அதன் முதல் பதிப்பில் அவர் கையெழுத்திட்டிருந்தால் அது 1956க்கும் 1959 ஜூலைக்கும் இடையில்தான் நடந்திருக்க முடியும். அந்தக் குறுகிய கால எல்லையே ஒப்பிட்டுப் பார்ப்பதை எளிதாக்குகிறது. தேதியில்லாத, எங்கிருந்தோ வெட்டியெடுக்கப்பட்ட ஆல்பத் துண்டுக்கு அந்த வசதி இல்லை.

இசைத்தட்டின் நிலை வேறு. கையொப்பத்தைப் போல அதை ஒருவர் தனியே உட்கார்ந்து உருவாக்கிவிட முடியாது. லேபிளில் அச்சான எண்ணும், பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் இடையே பொறிக்கப்பட்ட எண்ணும் பதிவுப் பட்டியல்களோடு பொருந்தியாக வேண்டும். கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பாடும் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலைப் பதிவு செய்யக் கொலம்பியா நிறுவனம் மறுத்ததால், மன்ஹாட்டனின் 42ஆம் தெருவில் இசைத்தட்டுக் கடை நடத்திய மில்ட் கேப்ளரின் கமடோர் நிறுவனத்துக்காக 1939 ஏப்ரல் 20 அன்று ஹாலிடே அதைப் பாடினார். கமடோர் 526 என்ற அந்தத் தட்டின் மறுபக்கத்தில் ‘ஃபைன் அண்ட் மெலோ’ இருக்கிறது. ஜாஸ் வரலாற்றில் இதைவிட முக்கியமான தட்டு ஒன்றைச் சொல்வது கடினம். ஆனால் அதே எண்ணில் பின்னரும் அச்சிடப்பட்டதால், லேபிளின் வடிவத்தைப் பார்க்காமல் முதல் அச்சு விலையைக் கொடுத்துவிடக் கூடாது. 1935இல் பிரன்ஸ்விக் நிறுவனம் வெளியிட்ட தட்டுகளில் இசைக்குழுத் தலைவர் டெடி வில்சனின் பெயரே பெரிதாக இருக்கும். ஹாலிடேயின் பெயர் பாடியவர் என்ற குறிப்பாகச் சிறிய எழுத்தில் கீழே கிடக்கும். அவர் பெயரை மட்டும் தேடுபவர்களின் கண்ணில் இவை படுவதில்லை என்பதால், பொறுமையாகத் தேடுபவருக்கு லாபம் இங்கேதான்.

இந்தத் தட்டுகளின் பிசின் அரக்கு; அதில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. போர்க்காலத்தில் அந்த வரத்து குறைந்து, பழைய தட்டுகளை நொறுக்கிக் கலக்க நேர்ந்ததால் 1942க்குப் பிந்தைய அச்சுகளில் இரைச்சல் கூடுதலாக இருப்பதுண்டு. வாங்குமுன் விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் சுற்றுக்கு ஒரு முறை ‘டிக்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டுக்கான நுண்ணிய ஊசியும் இதற்கு ஆகாது. அகலமான 78 ஊசியே வேண்டும்.

அச்சுத்தாள்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. 1947இல் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றபின், நியூயார்க்கில் மது விற்கும் விடுதிகளில் பாடுவதற்கான அனுமதி அட்டையை ஹாலிடே இழந்தார். அதனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் நியூயார்க் பொருள்களில் கச்சேரி அரங்கத் தாள்களுக்கே மதிப்பு அதிகம். சிறையிலிருந்து வெளிவந்த சில நாள்களில், 1948 மார்ச் 27 அன்று கார்னகி ஹாலில் அவர் பாடிய நிகழ்ச்சியின் கையேடு அவற்றுள் தலையாயது. புகைப்படங்களில் மட்டும் நிதானம் தேவை. ஹாலிடேயைப் புகைப்படக்காரர் வில்லியம் காட்லீப் எடுத்த படங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. 2010 முதல் அவை பொதுவுடைமை. யாரும் பதிவிறக்கி அழகாக அச்சிட்டு, பழுப்பேறிய சட்டத்தில் மாட்டிவிடலாம். அது குற்றமன்று, அதைப் பழைய பிரதி என்று விற்பதுதான் குற்றம். பின்புற முத்திரையும் தாளின் வயதும் தெரியாமல் பழைய பிரதிக்குரிய தொகையைத் தர வேண்டியதில்லை.

என் தேர்வு இதுதான்: முதலில் பிரன்ஸ்விக் தட்டுகள், பிறகு கமடோர் 526, கையில் பணம் மிஞ்சினால் கார்னகி ஹால் கையேடு. கையொப்பம் இல்லாமல் மனம் ஆறாது என்பவர் இன்னொரு ஜாஸ் பாடகியான எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் பக்கம் திரும்பலாம். 1990களின் தொடக்கம் வரை மேடையேறிய அவருடைய உண்மையான கையொப்பங்கள் சந்தையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை, விலையும் ஹாலிடேயின் கையொப்பத்தைவிடப் பல மடங்கு குறைவு.