ஹாவர்த் - சால்ட்டேர் ஒருநாள் டூர்: காசு கட்டும் முன் படியுங்கள்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரிலிருந்து "ப்ரான்டே ஊரும் கம்பளி ஆலையும்" என்று வேன் டூர் விளம்பரம் கண்ணில் பட்டால் தள்ளிப் போய்விடுங்கள். நாவல் எழுதிய ப்ரான்டே சகோதரிகளின் ஊர் ஹாவர்த்; ஆலை இருப்பது சால்ட்டேரில். தலைக்கு 95 பவுண்டு. மியூசியம் டிக்கெட், நீராவி ரயில், மேட்டுநிலத்தில் டாப் விதன்ஸ் என்ற இடிந்த பண்ணை வீடு வரை நடை, எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார்கள்.

முதலில் சால்ட்டேர். ஆல்பகா என்ற தென் அமெரிக்க விலங்கின் கம்பளியில் சம்பாதித்த டைட்டஸ் சால்ட் 1853இல் ஆலையைத் திறந்து, தொழிலாளிகளுக்கு வீடு, பள்ளி, சர்ச் என்று ஊரையே கட்டியிருக்கிறார். 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். எங்கள் ரசீதில் 'ஆலை நுழைவு - 12 பவுண்டு' என்று தனி வரி. போய்ப் பார்த்தால் டிக்கெட் கவுண்டரே இல்லை! யாரும் இலவசமாக நுழையலாம். டேவிட் ஹாக்னி ஓவியங்கள் மாட்டிய கூடத்துக்கும் காசு கிடையாது. டிரைவரைக் கேட்டால், "அது பார்க்கிங் சார்ஜ் சார்" என்கிறார்.

ஹாவர்த் இன்னும் மோசம். ப்ரான்டே குடும்பம் 1820இலிருந்து வாழ்ந்த பாதிரியார் இல்லம்தான் மியூசியம். அன்று விடுமுறை. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தபடி வெளியே நின்றோம். நீராவி ரயிலும் அன்று ஓடவில்லை. பிளாட்பாரத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டுக்கும் கால அட்டவணை இணையத்திலேயே இருக்கிறது. விற்றவருக்குத் தெரியாதா என்ன?

டாப் விதன்ஸுக்குப் போக மட்டும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். கொடுத்த நேரம் 50 நிமிஷம்! ஊர் எல்லையில் நிறுத்தி, "அதோ, எமிலி ப்ரான்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் வருகிற வீடு" என்று கைகாட்டினார் கைடு. அந்த இடிபாட்டில் ப்ரான்டே சங்கம் 1964இல் பதித்த பலகையே, எமிலி வர்ணித்த வீட்டுக்கும் இதற்கும் உருவ ஒற்றுமை இல்லை என்கிறது. அங்கே ஒருமுறையாவது போயிருந்தால்தானே கைடுக்குத் தெரியும்.

பணத்தைக் கேட்டதற்கு "வானிலை காரணம்" என்று ஒரு வரிப் பதில். அன்று நல்ல வெயில். சேவை சொன்னபடி இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இருக்கிறது. அதைக் காட்டி எழுதியும் பதில் இல்லாததால் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது) போட்டிருக்கிறேன். விளம்பர ஸ்கிரீன்ஷாட், ரசீது, மூடிய கதவின் போட்டோ மூன்றையும் கேட்டார்கள். நீங்களும் மாட்டியிருந்தால் இவற்றை அழித்துவிடாதீர்கள்.

இதற்கு வேனே தேவையில்லை. லீட்ஸில் ஸ்கிப்டன் ரயில் ஏறி சால்ட்டேர், அதே தடத்தில் கீத்லி, அங்கிருந்து ஹாவர்த்துக்கு பஸ்.