கியர் சத்தத்துக்கு 34,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், நீங்களாவது உஷாராக இருங்கள்

34,500 ரூபாய். கியர்பாக்ஸை இறக்கவே இல்லை! நேற்றுதான் தெரிந்தது, சூட்டோடு சூடாக எழுதுகிறேன். மதுரையில் ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள், அதனால் அதை விடுங்கள்.

என்னுடையது பழைய டீசல் கார். ரிவர்ஸ் போட்டால் கிர்ர்ர் என்று பல் உரசும் சத்தம். அப்புறம் சிக்னலில் நின்று ஃபர்ஸ்ட் போடும்போதும் அடம்பிடிக்க ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்காரர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "சிங்க்ரோ ரிங் தேய்ஞ்சு போச்சு சார். இப்படியே ஓட்டினா மொத்த பாக்ஸும் போயிடும்" என்றார். சிங்க்ரோ ரிங் என்றால் கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை வளையம். வண்டியை விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, எண்ணெயில் நனைத்த வெள்ளைத் துணி ஒன்றை வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டினார். பொன் நிறத்தில் தூள் மின்னியது. "உங்க கியர் ஆயில்தான் சார், பித்தளை எல்லாம் கரைஞ்சு வந்திருக்கு பாருங்க." கண்ணால் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? அங்கேயே 20,000 ஜிபே பண்ணினேன். வண்டி எடுக்கும்போது மீதி 14,500. பில் கேட்டதற்கு, "பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் ஏறும் சார், உங்களுக்கு எதுக்கு?" என்று அக்கறையாகச் சொன்னார். பழைய ரிங்கைக் கேட்டேன், காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.

எடுத்து வந்தபோது சத்தம் இல்லை. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, மறுபடியும் கிர்ர்ர். போன் செய்தால், "புது ரிங் சார், செட்டாகணும், ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். "நீங்க கிளட்சை அரைகுறையா மிதிக்கிறீங்க." நேரில் போனால் பையன் ஒருவன், "அண்ணன் ஊர்ல இல்ல." அண்ணனின் பைக் வாசலில் நிற்கிறது. அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

வேறொரு பெரியவரிடம் காட்டினேன். அவர் கிளட்ச் பெடலை நாலு தடவை வேகமாக மிதித்துவிட்டு ரிவர்ஸ் போட்டார். சத்தமே இல்லாமல் விழுந்தது. "தம்பி, இது பாக்ஸ் இல்ல, கிளட்ச் முழுசா விடல" என்று சொல்லி, கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அழுத்தத்தில் கிளட்சை விடுவிப்பது இதுதான்) ரப்பர் மூடியை விரலால் இழுத்தார். உள்ளேயிருந்து பிரேக் ஆயில் வடிந்தது. அப்புறம் வண்டியைத் தூக்கி டார்ச் அடித்துக் காட்டினார். கியர் ஆயில் டிரெயின் போல்ட்டின் மேல் வருஷக்கணக்கான சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது, ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. ஆயிலை வடிக்காமல் பாக்ஸை இறக்கி ரிங் மாற்றினார்களாம்! அப்படியென்றால் அந்தத் துணியில் மின்னிய தூள் எவன் வண்டியுடையதோ. பிரேக் ஆயிலை ஊற்றி, கிளட்ச் குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள், அதனால்தான் சில நாள் சத்தம் வரவில்லை. சிலிண்டர் மாற்ற மொத்தம் 1,900 ரூபாய். அங்கே போனது 34,500.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது கிளட்சை முழுவதும் மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் உரசி, இன்ஜினை அணைத்ததும் எல்லா கியரும் லேசாக விழுந்தால், முதலில் கிளட்சைப் பாருங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் கிளட்ச் சரியாக விடாவிட்டால் அதுதான் முதலில் கத்தும். சிங்க்ரோ தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஓட்டத்தில் ஏதோ ஒரு கியரில் மட்டும், செகண்டிலோ தேர்டிலோ, உரசும். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைகிறதா என்றும் பாருங்கள்.

பாக்ஸ் இறக்கச் சொன்னால் பக்கத்தில் நின்று வீடியோ எடுங்கள். ஆயிலை உங்கள் கண்முன் வடிக்கச் சொல்லுங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் மீதிப் பணம் தராதீர்கள். பில் இல்லையென்றால் வேலையே வேண்டாம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். கையில் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அந்தச் சேறு படிந்த போல்ட்டின் போட்டோவும்தான். 34,500-ல் ஒரு ரூபாய்கூட இன்னும் வரவில்லை.