பெரிய கல்லா, சிறிய இரும்பா: 15ஆம் நூற்றாண்டின் இருவகைப் பீரங்கிகள்

கோட்டைச் சுவரை வெடிமருந்தால் தகர்க்க விரும்பிய 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன: மிகப் பெரிய கல்குண்டைச் சில முறை எறிவது, அல்லது சிறிய இரும்புக்குண்டைப் பல முறை எறிவது. பார்ப்போரை மலைக்க வைத்தது முதல் வழி. போரின் போக்கை மாற்றியது இரண்டாவது என்பது என் கணிப்பு.

எடின்பரோ கோட்டையில் இன்றும் இருக்கும் ‘மோன்ஸ் மெக்’ முதல் வகையைச் சேர்ந்தது. இன்றைய பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் 1449இல் உருவான இதன் எடை சுமார் 6 டன். வாயின் அகலம் ஏறத்தாழ அரை மீட்டர். நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, பழுக்கக் காய்ச்சிய வளையங்களை அவற்றின்மேல் செருகிக் குளிர்ந்து இறுக விட்டார்கள். மரப் பீப்பாய் செய்யும் முறைதான். ஒரே அளவுள்ள குண்டுகளில் கல் இரும்பைவிட மிகவும் இலேசானது என்பதால் குழலுக்குள் எழும் அழுத்தமும் குறைவு. ஆகவே இப்படி ஒட்டிச் சேர்த்த குழலும் தாங்கியது. ஆயினும் பீரங்கிக்கு அருகில் நிற்பது அரசருக்கும் ஆபத்தாகவே இருந்தது. 1457இல் மோன்ஸ் மெக்கைப் பரிசாகப் பெற்ற ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், 1460இல் ராக்ஸ்பரோ முற்றுகையில் வேறொரு பீரங்கி வெடித்து இறந்தார்.

1453இல் கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) தாக்க ஒட்டோமன் துருக்கியருக்காக ஹங்கேரிய வார்ப்பாளர் ஓர்பான் செய்த பீரங்கியும் முதல் வகையே. அதை அவர்களின் தலைநகரான எதிர்னேயிலிருந்து இழுத்து வர 60 எருதுகள் தேவைப்பட்டன. நாளுக்கு ஏழு முறை மட்டுமே அது சுட்டது என்கின்றன அக்காலக் குறிப்புகள். சுடுதலின் இடைவெளியிலும் இரவிலும் நகரத்தார் மரத்தாலும் மண் நிரப்பிய பீப்பாய்களாலும் உடைப்பை அடைத்தார்கள். முற்றுகை 53 நாள் நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரெஞ்சுக்காரர் தேர்ந்தது மற்ற வழி. இரும்பு கல்லைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அடர்த்தியுள்ளதால், அதே எடைக்குக் குண்டின் விட்டம் பத்தில் ஏழு பங்காகக் குறைகிறது. கல்லைப்போல் அது சுவரில் மோதிச் சிதறுவதும் இல்லை. ஆனால் குழலின் அழுத்தம் கூடும். அதைத் தாங்க, தேவாலய மணி வார்த்தவர்களின் கைத்திறன் வெண்கலக் குழலுக்கு உதவியது. குழலின் இரு பக்கமும் நீட்டிய முளைகளைச் சக்கர வண்டியில் பொருத்தியதால், இறக்காமலே குறிவைத்துச் சுட முடிந்தது. ஈரப்படுத்திக் குருணையாக்கிய வெடிமருந்து, பழைய தூளைப்போல் வழியில் குலுங்கி வெடியுப்பும் கந்தகமும் கரியும் தனித்தனியாகப் பிரிந்துபோகாமல் வந்து சேர்ந்தது.

1494இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் நுழைந்தபோது இப்பீரங்கிகளைக் குதிரைகளே இழுத்தன. காலாட்படையின் வேகத்துக்கு அவை ஈடுகொடுத்தன. அடுத்த ஆண்டு மோந்தே சான் ஜொவான்னி கோட்டை ஒரே நாளில் வீழ்ந்தது. எருதுகள் இழுத்த பெரும்பீரங்கி அந்த நேரத்தில் சுடும் மேடையில்கூட ஏறியிருக்காது.

எனினும் இரும்புக்குண்டின் மேலாதிக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1500இல் பீசா நகரத்தார், பீரங்கிகள் கல்சுவரை உடைத்துக்கொண்டிருக்கும்போதே அதன் பின்னால் அகழி வெட்டி மண்மேடு எழுப்பினார்கள். உடைப்பின் வழியே புகுந்த பிரெஞ்சுப் படை அதைக் கடக்க முடியாமல் திரும்பியது. கான்ஸ்டான்டிநோபிளில் பீப்பாய்க்குள் அடைபட்டிருந்த அதே மண்தான் இது.